"படிப்பு ஏறல சார்": ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் எந்த உயர்நிலைப் பள்ளி வாசலில் நின்றாலும் பின்தங்கிய பிள்ளையைப் பற்றி ஒரே பேச்சுதான் காதில் விழும்: "படிப்பு ஏறல சார்." அம்மா அதைத்தான் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்கிறார். கேட்டுக் கேட்டுப் பிள்ளையும் தன்னைப் பற்றி அதையே சொல்லத் தொடங்கிவிடுகிறது.

இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் இருபது வருடத்துக்கு மேல் கணக்கு எடுத்தேன். இப்போது சாயங்காலம் என் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பதும் பத்தும் படிக்கிற பிள்ளைகள் உட்கார்கிறார்கள். "ஏறல" என்ற சொல்லுக்குள் ஏழெட்டுக் கோளாறுகள் ஒளிந்திருப்பதை இவர்களிடம்தான் கற்றேன். கண் தெரியாததும் "ஏறல", பசியும் "ஏறல", நாலாம் வகுப்புக் கழித்தல் தெரியாததும் "ஏறல". எல்லாவற்றுக்கும் ஸ்பெஷல் கிளாஸ் என்ற ஒரே மாத்திரையைக் கொடுத்தால் எப்படிக் குணமாகும்?

எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. சின்னப் பிள்ளையைத் தோற்றவன் என்று சொல்லாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் நாலாம் வகுப்பில் அறுந்த நூல் ஒன்பதாம் வகுப்பில்தான் வெளியே தெரிகிறது. அதனால் மதிப்பெண் குறைந்த இடத்திலேயே கோளாறைத் தேடாதீர்கள். அது பிறந்த இடம் வரை பின்னால் நடந்து போக வேண்டும். பெற்றோர், வீட்டில் படித்த அண்ணன் அக்கா, புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர், சாயங்கால வகுப்பு நடத்துகிறவர், யாராக இருந்தாலும் இதைச் செய்யலாம்.

தொடங்கும் முன்

ரேங்க் கார்டை ஓரமாக வையுங்கள். காய்ச்சல் அடிக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும், எதனால் என்று சொல்லாது. கடைசியாக எழுதிய மூன்று தேர்வுகளின் விடைத்தாள், இந்த மாதத்து வகுப்பு நோட்டு, பிள்ளை பள்ளிக்கு வராத நாட்களின் கணக்கு, இவை மூன்றும் வேண்டும். வராத நாட்களை வகுப்பாசிரியரிடம் கேட்டால் சொல்லுவார்.

விடைத்தாளில் முதலில் பார்க்க வேண்டியது வெற்றாக விட்ட இடத்தையும் தப்பாக எழுதிய இடத்தையும். இரண்டும் ஒன்றல்ல. தப்பாக எழுதிய பிள்ளை முயன்றிருக்கிறது, அந்தத் தப்பே வழி காட்டும். வெற்றாக விட்ட பிள்ளைக்குக் கேள்வியே புரியாமல் இருக்கலாம், நேரம் போதாமல் இருக்கலாம், "எழுதி என்ன ஆகப் போகுது" என்று பேனாவை மூடி வைத்திருக்கலாம். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்த இடத்துக்கு வந்தப்ப என்ன நெனச்சே?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.

அறிகுறி: வீட்டில் கடகடவென்று ஒப்பிக்கிறது, தேர்வில் எழுதவில்லை

அம்மாக்களை அதிகம் குழப்புவது இதுதான். "ராத்திரி என்கிட்ட ஒரு எழுத்து விடாம சொன்னான் சார், அங்க போய் இன்னாத்த மறந்தான்னு தெரியல."

சோதனை எளிது. இன்று ஒப்பித்த விடையை இன்றே கேட்காதீர்கள். மறுநாள் சாயங்காலம் புத்தகத்தை மூடிவிட்டு, தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு நடுவிலிருந்து கேளுங்கள்: "மூன்றாவது பாயின்ட் என்ன?" முதல் வரியிலிருந்து ஓடி வந்தால்தான் மூன்றாவது வருகிறது என்றால், விடை பாட்டாகத்தான் மனதில் உட்கார்ந்திருக்கிறது. கடைசியாகக் கேள்வியை மாற்றுங்கள். "ஒளிச்சிதறல் என்றால் என்ன" என்பதற்குப் பதில் சொல்கிற பிள்ளை, "வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது" என்று கேட்டால் விழிக்கிறதா என்று பாருங்கள்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு கூட்டம் வாசித்தபின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த கூட்டம்தான் நன்றாகச் செய்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிய கூட்டம் முன்னால் நின்றது. அம்மா ஒப்பிக்கக் கேட்பது அந்த ஐந்தாவது நிமிடத்தில். தேர்வு வருவதோ வாரங்கள் கழித்து.

சரிசெய்யும் முறை: ஒருமுறை வாசி, மூடு, நினைவில் இருப்பதை எழுது, திற, விட்டுப்போனதைச் சிவப்பில் சேர். அதே விடையை மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி எழுத வேண்டும். நோட்டு வாங்க வேண்டியதில்லை, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். நாலாவது தாளில் சிவப்பு ஏறக்குறைய இல்லாமல் போவதைப் பிள்ளையே பார்க்கும். அந்த நாலு தாளையும் குத்தி வையுங்கள். எந்தப் பாராட்டும் அந்த அளவுக்கு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

அறிகுறி: கணக்குத் தாள் வெள்ளையாக வருகிறது

பத்தாம் வகுப்புக் கணக்கில் இருப்பது எட்டு இயல்கள். வெள்ளைத் தாள் கொடுக்கிற பிள்ளைக்குச் சிக்கல் அந்த எட்டில் எதிலும் இருக்காது. அதற்கு முன்னால் எங்கோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் ஏணி இது. ஒவ்வொன்றாகக் கொடுங்கள், உதவி செய்யாதீர்கள், நேரம் பார்க்காதீர்கள்.

503 − 278. பிறகு 7 × 8. பிறகு 84 ÷ 6. பிறகு 1/2 + 1/3. பிறகு 80-இல் 25 விழுக்காடு. பிறகு −5 + 3. பிறகு (−3) × (−3). கடைசியாக: ஓர் எண்ணை இரட்டித்து 5 கூட்டினால் 17, அந்த எண் எது?

எந்தப் படியில் கால் இடறுகிறதோ அங்கேயே நில்லுங்கள். அடுத்த படிக்கு இழுக்காதீர்கள்.

முதல் கணக்குக்கு 375 என்று எழுதும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்கள் கவனமில்லாமல் எழுதவில்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கிறார்கள்: 5-இல் 2 போனால் 3, 7-இல் 0 போனால் 7, 8-இல் 3 போனால் 5. கடன் வாங்குவது என்றால் என்ன என்று புரியாத வயதில் தானே கண்டுபிடித்த விதி அது. "கவனமா போடு" என்று ஆயிரம் முறை சொன்னாலும் அந்த விதி போகாது. ஐந்து நூறு ரூபாய் நோட்டு, மூன்று ஒரு ரூபாய் நாணயம், இதிலிருந்து 278 ரூபாய் கொடு என்று கையில் கொடுத்துப் பாருங்கள். நூறை உடைத்துப் பத்தாக்கி, பத்தை உடைத்து ஒன்றாக்கும்போது முகம் மாறும். அப்புறம் அதையே எழுத்தில் செய்ய வையுங்கள்.

பின்னத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று வந்தால், "அரைத் தோசை தட்டில் இருக்கு, மேல இன்னும் கொஞ்சம் வைக்கிறேன், அரையைவிடக் குறையுமா?" என்று கேளுங்கள். 2/5 என்பது அரையைவிடக் குறைவு என்று தெரிந்ததும் பிள்ளையே நெளியும். அந்த நெளிவு வந்த பிறகு ஒரு தாளை ஆறாக மடித்து, அரைக்கு மூன்று மடிப்பு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு மடிப்பு என்று காட்டுங்கள். நெளிவு வராமல் மீச்சிறு பொது மடங்கைச் சொல்லிக்கொடுத்தால் அது இன்னொரு மனப்பாடமாகத்தான் போகும்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் விடிகாலையில் நைனாவோடு தக்காளி விற்றுவிட்டுப் பள்ளிக்கு வந்த பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். பின்னக் கணக்கென்றால் பேனாவை வைத்துவிடுவான். ஒருநாள், "கிலோ 36, முக்கால் கிலோ என்ன விலை?" என்றேன். "இருபத்தேழு" என்று நான் கேட்டு முடிக்கும் முன் சொன்னான். எப்படி என்றேன். "கால் கிலோ ஒம்பது, மூணு காலு." அவன் சொன்னதை அப்படியே கரும்பலகையில் 36 × 3/4 என்று எழுதி, "இதைத்தான் நீ இப்ப போட்ட" என்றேன். ரொம்ப நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கு முன் எத்தனை வருடம் அவனைக் கணக்கு வராதவன் என்று நாங்கள் சொல்லியிருப்போம்! வீட்டுத் தொழில் எதுவானாலும், தையலோ கடையோ பால் ஊற்றுவதோ, அதற்குள் ஒரு கணக்கு இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

எதிர்ம எண்தான் பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண்ணைத் தின்கிறது. வரைபடக் கேள்வியில் எக்ஸ் வர்க்கம் + எக்ஸ் − 2 என்று வந்தால், எக்ஸ் −3 ஆக இருக்கும்போது விடை 9 − 3 − 2, அதாவது 4. −3-இன் வர்க்கத்தை −9 என்று எழுதும் பிள்ளைக்கு −14 வரும். புள்ளி வரைபடத்தாளை விட்டே வெளியே போகும், வளைவு வளையாது, பிள்ளை பயந்து விடையையே அடித்துவிடும். வரையத் தெரியாதவன் என்று ஆசிரியர் நினைப்பார். கோளாறு ஒரே ஒரு பெருக்கலில் இருக்கிறது. −5 + 3-க்கு மளிகைக் கடைப் பாக்கி போதும்: ஐந்து ரூபாய் பாக்கி, மூன்று கொடுத்தாயிற்று, இன்னும் இரண்டு பாக்கி. எதிர்மத்தை எதிர்மத்தால் பெருக்கப் பாக்கிக் கதை உதவாது. −3 × 2 = −6, −3 × 1 = −3, −3 × 0 = 0 என்று கீழே கீழே எழுதி, "மூன்று மூன்றாக ஏறிட்டு வருது, அடுத்தது என்ன?" என்று கேளுங்கள். −3 × −1 = 3 என்று பிள்ளையே சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் தினமும் 25 நிமிடம் ஒதுக்குங்கள். வகுப்பில் நடக்கும் பாடத்தையும் விட்டுவிடாதீர்கள், விட்டால் பிள்ளைக்குப் பள்ளியில் உட்காரவே பிடிக்காது. ஆயத்தொலை வடிவியல் நடக்கிறதென்றால் சாய்வு காண எதிர்ம எண்ணும் பின்னமும் வேண்டும், அந்த வாரம் அவற்றைத் தட்டிச் சரிசெய்யுங்கள்.

அறிகுறி: வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறது

இதைச் சொல்லப் பலரும் கூச்சப்படுகிறார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்து மாணவன் நோட்டைப் பார்த்து அழகாக எழுதித் தள்ளுவார்கள், அதனால் வெளியே தெரியாது. கையெழுத்து அழகாக இருந்து, சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் மழுப்புகிற பிள்ளையைக் கவனியுங்கள்.

சோதனை தனியாக நடக்க வேண்டும். வேறு யாரும், தங்கை தம்பிகூட, பக்கத்தில் இருக்கக் கூடாது. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டாதீர்கள், அந்த அட்டையைப் பார்த்ததும் பிள்ளை உடைந்துபோகும். அதிலுள்ள ஒரு பத்தியை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். வாசிக்கும்போது மூன்றில் எது நடக்கிறது என்று பாருங்கள்.

முதலாவது, எழுத்திலேயே தடுமாற்றம். பெரும்பாலும் கொம்பில்தான் சிக்கும்: கெ, கே, கொ, கோ. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளை "கொடி"யையும் "கோடி"யையும் ஒன்றாக வாசிக்கும். தடுமாறுகிற பத்துப் பதினைந்து எழுத்தைக் குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் எடுங்கள், அ ஆ-விலிருந்து தொடங்க வேண்டாம். பஸ் போர்டுதான் நான் வைத்திருக்கும் முதல் வாசிப்புப் புத்தகம். காட்பாடி, பேரணாம்பட்டு, சோளிங்கர், வாலாஜாபேட்டை, குடியாத்தம். தினமும் பார்க்கும் பெயர், அர்த்தம் தெரிந்த பெயர், வயதுக்குக் குறைவான பாடம் என்ற அவமானமும் இல்லை. அப்புறம் செய்தித்தாளின் தலைப்பு, அப்புறம் விளையாட்டுச் செய்தி. தினம் 20 நிமிடம் வாசிப்பு, முடிவில் ஐந்து சொல் டிக்டேஷன்.

இரண்டாவது, எழுத்து தெரியும், வேகம் இல்லை. வாக்கியம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். இதற்கு நீங்களும் பிள்ளையும் ஒரே பத்தியைச் சேர்ந்தே சத்தமாக வாசியுங்கள். ஒரே பத்தியை நான்கு நாள் வாசித்தாலும் தப்பில்லை.

மூன்றாவது, சரளமாக வாசிக்கும், என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் தெரியாது. நம் பக்கத்துக்கு இது முக்கியம். ஆந்திர எல்லையோரக் கிராமங்களில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நிறைய. மேல்விஷாரம், பேரணாம்பட்டு போன்ற ஊர்களில் வீட்டில் உருது. பாடநூல் தமிழ் அவர்கள் காதில் பள்ளியில் மட்டும்தான் விழுகிறது. இந்தப் பிள்ளைகளை "தமிழே வரல" என்று சொல்வது அநியாயம். இரண்டு மொழி தெரிந்த பிள்ளை அது. முதலில் கேள்வியில் வரும் சொற்களைத் தெளிவாக்குங்கள்: வரையறு, வேறுபடுத்துக, காரணம் கூறு, விவரி. ஒவ்வொன்றுக்கும் என்ன எழுத வேண்டும் என்று ஓர் எடுத்துக்காட்டு. வீட்டு மொழியில் விளக்கம் கேட்டால் அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு சொல்ல வையுங்கள், தடுக்காதீர்கள்.

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் எழுத்துகள் இடம் மாறியே வருகின்றன, வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் தெளிவாக வருகிறது என்றால், அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். பிள்ளையின் அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. காலாண்டு முடிந்ததுமே தலைமையாசிரியரைப் பாருங்கள், தேர்வு நெருங்கினால் காகித வேலைக்கு நேரம் போதாது.

ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று மட்டும். நோட்டில் ஆங்கில வரிக்கு மேல் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி வைத்திருந்தால், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு அந்தப் பிள்ளைக்கு யாரும் காட்டவில்லை என்று அர்த்தம். திட்டாதீர்கள். படிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் அப்படி எழுதியிருக்கிறது. மூன்றெழுத்துச் சொற்களிலிருந்து ஒலியைக் காட்டுங்கள்.

அறிகுறி: பலகையில் இருப்பதைத் தப்பாகப் பார்த்து எழுதுகிறது, மாலையில் தலைவலி

கண். வேறு எதையும் செய்யும் முன் கண்ணைச் சோதியுங்கள். கடைசி பெஞ்சில் உட்கார வைத்துப் பலகையில் 3, 8, 5, 6 எழுதி வாசிக்கச் சொன்னாலே பாதி தெரிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தரும் கண்ணொளி காப்போம் திட்டம் இருக்கிறது, பள்ளியில் கேளுங்கள். கண்ணாடி வந்தபின் பிள்ளை அதைப் போடுகிறதா என்றும் பாருங்கள். கிண்டலுக்குப் பயந்து பைக்குள்ளேயே வைத்திருக்கும் பெண் பிள்ளைகள் அதிகம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதையும் பாருங்கள்.

அறிகுறி: முதல் இரண்டு பீரியடில் தூங்கி வழிகிறது

காலையில் சாப்பிட்டதா? அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு, ஆனால் அது மதியம். ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பக்கம் அம்மா ஷூ கம்பெனி வேனுக்கு விடிந்ததும் போய்விட்டால், பதினைந்து வயதுப் பெண் தம்பி தங்கைகளுக்கு ஊட்டிவிட்டுத் தான் வெறும் வயிற்றோடு ஓடி வரும். அந்தப் பெண்ணை எழுப்பித் திட்டியிருக்கிறேன். விஷயம் தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட வலி இன்னும் போகவில்லை. இப்போது என் மாடியில் யார் வந்தாலும் முதல் கேள்வி, "சாப்பிட்டியாம்மா?"

ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறது என்று கேளுங்கள். பீடி சுற்றுவது, ஊதுபத்தி உருட்டுவது என்று வீட்டு வேலை பதினொன்று வரை போகிறதா, அல்லது போன் ஒரு மணி வரை போகிறதா? இரண்டுக்கும் ஒரே அறிவுரை செல்லாது. வேலை செய்கிற பிள்ளையிடம் "நேரத்துக்குத் தூங்கு" என்று சொல்வதில் பயனில்லை, ஆயாவோடும் அம்மாவோடும் பேசி, தேர்வு முடியும் வரையாவது அதன் பங்கைக் குறைக்கச் சொல்லுங்கள். போன் என்றால் அது பெரியவர்கள் தலைமாட்டில் உறங்கட்டும். பெண் பிள்ளை வெளுத்து, மாடி ஏறினால் மூச்சு வாங்கினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதியுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால்தான் பலர் ஜன்னல் வழியாக எறிகிறார்கள். சாப்பிட்டபின் போடச் சொல்லுங்கள்.

அறிகுறி: அடிக்கடி லீவு

வராத நாட்களைக் காலண்டரில் வட்டமிடுங்கள். தனித்தனியாகத் தெரியாதது அப்போது தெரியும். திங்கட்கிழமைகளா? ஞாயிறு வேலைக்குப் போகிறதா என்று பாருங்கள். குறிப்பிட்ட பாடத்துக்குத் தேர்வு வைக்கும் நாளா? அப்படியென்றால் பயம். மாதம் இரண்டு மூன்று நாள் பெண் பிள்ளை வரவில்லையா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, நாப்கின் கிடைக்கிறதா என்று ஓர் ஆசிரியை மூலம் விசாரியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரும் இருக்கிறார்கள், அங்கே எழுப்ப வேண்டிய விஷயம் இது.

நம் பக்கத்தில் இன்னொரு காரணம், காளைகளைத் தெருவில் ஓட விடும் மாடு விடும் விழா. பொங்கல் முடிந்ததும் ஊர் ஊராகத் தொடங்கிப் பங்குனி வரை போகும். திருப்புதல் தேர்வு நடக்கும் காலமும் அதுதான். வண்டியில் மூன்று பேராக ஏறிப் பசங்கள் கிளம்பிவிடுவார்கள். போகவே கூடாது என்று சொன்னால் பொய் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் செய்வது இது: ஜனவரித் தொடக்கத்திலேயே, "எந்தெந்த ஊருக்குப் போகணும்? உங்க ஊர் விழா எது?" என்று கேட்டு, சொந்த ஊர் விழாவையும் இன்னொன்றையும் அட்டவணையிலேயே எழுதிவிடுவேன். மற்ற நாள் படிப்பு. கேட்டு எழுதிய அட்டவணையைப் பையன்கள் மதிக்கிறார்கள்.

அறிகுறி: நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று விழுந்துவிட்டது

காலாண்டில் 380, அரையாண்டில் 210 என்றால் புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஏதோ நடந்திருக்கிறது. வீட்டில் குடிச்சண்டை, ஒரு சாவு, கல்யாணப் பேச்சு, யாரோ மிரட்டுவது, யாரோ தொடுவது. "ஏன் மார்க் குறைஞ்சுது?" என்று கேட்டால் பதில் வராது. "கொஞ்ச நாளா நீ நீயா இல்லையே" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். பிள்ளை நம்பிச் சொன்னதைப் பத்துப் பேரிடம் சொல்லாதீர்கள். ஆனால் துன்புறுத்தலோ சிறுவயதுத் திருமணமோ என்றால் மறைக்கவும் கூடாது: 1098, குழந்தைகள் உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். தேர்வு பயம், மன அழுத்தம் பற்றிப் பேச 14417-உம் 14416-உம் உண்டு.

அறிகுறி: பிப்ரவரி வந்துவிட்டது, பிள்ளை இன்னும் இருபதைத் தாண்டவில்லை

இப்போது வேரைத் தோண்ட நேரமில்லை. 35-க்கு வழி பாருங்கள். நவம்பரிலேயே இந்தக் குறுக்கு வழிக்குப் போய்விடாதீர்கள், பிள்ளை அத்தோடு நின்றுவிடும்.

கணக்கில் இப்போதைய வினாத்தாள்படி கடைசிப் பகுதியில் வடிவியல் வரைதல் 8, வரைபடம் 8. இரண்டிலும் இதுவா அதுவா என்று தேர்ந்தெடுக்கலாம். வடிவொத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு, முக்கோணம் அமைத்தல் ஆகியவற்றைத் தினம் ஒன்று வரைந்தால் மூன்று வாரத்தில் கை பழகும். திருகு தளர்ந்த காம்பஸை மாற்றுங்கள், சரியாகத் தெரிந்த பிள்ளையே அதனால் மதிப்பெண் இழக்கிறது. ஒரு மதிப்பெண் வினா 14. புத்தகப் பயிற்சியில் உள்ளவற்றை முடித்தாலே கணிசமாகக் கிடைக்கும். இரண்டு மதிப்பெண்ணில் 14-க்குப் 10 எழுதினால் போதும், தெரிந்த ஐந்தாறு எழுதட்டும். 35 எட்டக்கூடியதுதான்.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறையில் குறைந்தது 15, எழுத்தில் குறைந்தது 20 வேண்டும். செய்முறைத் தேர்வு முன்னதாகவே நடக்கும். அன்று லீவு போட்டுவிட்டுக் கையில் இருந்ததை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தேதியை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். வினாத்தாளை வாசிக்கத் தரும் பத்து நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்றும் ஒத்திகை பாருங்கள்: தெரிந்த கேள்வி எண்ணை மனதில் வரிசைப்படுத்தி, அதிலிருந்து தொடங்க வேண்டும். முதல் பக்கத்தில் வரும் ஒரு தெரியாத கேள்வி பிள்ளையை முழுதாகக் கலைத்துவிடும்.

அறிகுறி: முடிவு வந்துவிட்டது, ஒரு பாடம் போய்விட்டது

அன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். உறவினர் போன் செய்தால் நீங்களே பேசிவிடுங்கள். துணைத் தேர்வு அடுத்த ஓரிரு மாதத்திலேயே வரும், போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தேறினால் அதே வருடம் பதினொன்றிலோ பாலிடெக்னிக்கிலோ சேர முயலலாம். விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் குறைவு. ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையே பள்ளிக்குப் போங்கள். பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள், அந்த வாசலை அன்று தனியாக மிதிக்க அதற்குக் கால் வராது. அம்மாவுக்கு வேலை, நைனா பெங்களூரில் என்றால், பக்கத்து வீட்டு அக்காவாவது கூடப் போகட்டும். அதுவும் முடியாவிட்டால் என் மாடிக்கு வரச் சொல்லுங்கள், நான் கூட்டிப் போகிறேன்.